கிளவ் பாக்ஸுக்குள் வைத்த கன்ட்ரோலர்

தம்பிகளா, டிரெய்லர் இழுக்கிற வண்டிக்கு எந்த பிரேக் கன்ட்ரோலர் நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள். இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஒரு காலத்தில் இதற்கான பதிலைக் கரைத்துக் குடித்தவன் நான். அந்தச் சரியான பதிலை வைத்துக்கொண்டுதான் ஒரு மனிதனைக் கொல்லப் பார்த்தேன்.

துபாய் அல் குசைஸில் ஒரு கராஜில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். அந்த ஊரில் ஆளாளுக்குப் பெரிய வண்டி வாங்கிக்கொண்டிருந்த நேரம். படகு, கேரவன், குதிரை டிரெய்லர் என்று எதையாவது பின்னால் மாட்டிக்கொண்டு போவார்கள். அந்த வேலையெல்லாம் எங்கள் கராஜில் என்னிடம்தான் வரும். வயது முப்பத்தைந்து. எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைக்கிற வயது.

நேற்று சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. டிரெய்லரின் சக்கரங்களில் தனியாக எலக்ட்ரிக் பிரேக் இருக்கும். அதற்கு எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்பதை முன்வண்டிக்குள் இருக்கிற ஒரு சின்னப் பெட்டி முடிவு செய்யும். அதுதான் கன்ட்ரோலர். அன்று இரண்டு வகை வந்தது. ஒன்று, டிரைவர் பிரேக்கை மெதுவாக மிதித்தாலும் ஓங்கி மிதித்தாலும் நாம் முன்கூட்டி வைத்த அளவையே அனுப்பும். விலை குறைவு, முரட்டு ஜாதி. இன்னொன்று, வண்டி எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று தானே உணர்ந்து அதற்குத் தக்கபடி அனுப்பும். இரண்டிலும் பலத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகும், டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் போட ஒரு நெம்புகோலும் உண்டு. நெம்புகோலைத் தள்ளிப் பிடித்திருக்கும் வரை டிரெய்லர் பிரேக் பிடிக்கும். இவ்வளவு தெரிந்தால் இந்தக் கதைக்குப் போதும்.

ஒரு நாள் காலையில் ஓர் அர்பாப் வந்தார். உள்ளூர் முதலாளி. வண்டி புத்தம் புதுசு, சீட்டின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கிழிக்கவில்லை. பின்னால் இரண்டு குதிரை நிற்கும் டிரெய்லர், காலியாக, மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த தூசியோடு. ஃபுஜைரா பக்கம் மலைக்குக் கீழே அவருக்குப் பண்ணை இருந்தது. குதிரைகளை இங்கிருந்து அங்கே கொண்டு போக வேண்டும். கையில் முரட்டு ஜாதிப் பெட்டி ஒன்றை எங்கோ வாங்கிக் கொண்டுவந்திருந்தார்.

நான் விடவில்லை. "அர்பாப், இது குதிரைக்கு ஆகாது. டக்கென்று பிடிக்கும், குதிரை உள்ளே விழும்" என்று என்னுடைய அரைகுறை அரபியிலும் இந்தியிலும் கையை ஆட்டி நடித்தே காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். உணர்ந்து பிடிக்கிற வகையைப் போட ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. டேஷ்போர்டில் விரலை வைத்துக் காட்டி, "சையாரா ஜதீத். ஹோல் மாஃபி" என்றார். புது வண்டி, துளை போடக் கூடாது.

அந்த ஊரில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. வண்டி வாங்கி ஒரு வருடம் வரை அதில் ஓர் ஆணிகூட இறங்கக் கூடாது என்று நிற்பவர்கள் உண்டு. நாங்களும் அதற்கெல்லாம் வழி வைத்திருந்தோம். பயணி சீட்டுக்கு முன்னால் இருக்கிற மூடி போட்ட கிளவ் பாக்ஸுக்குள் ஏற்கனவே இருக்கிற திருகுகளிலேயே ஒரு தகடு பிடித்து அதில் பெட்டியை உட்கார வைத்துவிடலாம். வெளியே ஒன்றும் தெரியாது. முதலாளிக்குச் சந்தோஷம், ஃபோர்மேனுக்கும் சந்தோஷம்.

வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு டிரைவர் நின்றான். பெயர் சேது, ராமநாதபுரம் பக்கத்து ஆள், என்னைவிட நாலைந்து வயது சின்னவன். அர்பாப் தேநீர் குடிக்க நகர்ந்ததும் மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, அந்தப் பெட்டி எங்குட்டு வரும்?"

"உள்ள வரும். உனக்கு எதுக்கு அது?"

"இல்ல, கையில எட்டுனா நல்லாருக்கும்னு..."

"ஏம்ப்பா, நீ பிரேக்க மிதி, மிச்சத்த அது பாத்துக்கும். அதுக்குத்தான இம்புட்டு நல்ல பெட்டியாப் போடுறேன்?"

அவன் சரி அண்ணே என்று சொல்லிவிட்டு டிரெய்லர் பக்கம் போய்விட்டான். இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. நம்மவர்களிடம் ஒரு கெட்ட வழக்கம் உண்டு, உங்களிடமும் இருக்கும், இல்லையென்று சத்தியம் செய்யாதீர்கள். வண்டி யாருடையதோ அவரிடம்தான் பேசுவோம். ஓட்டுகிறவன் நம் ஊர்க்காரனாக இருந்துவிட்டால் இன்னும் மோசம், அவனிடம் கொஞ்சம் அதிகாரமும் செய்து பார்ப்போம்.

வேலையைக் குறை சொல்ல முடியாதபடி செய்தேன். பெட்டி மட்டமாக உட்கார்ந்தது. சேதுவை ஓட்டச் சொல்லிப் பயணி சீட்டில் நானே உட்கார்ந்து, காலி டிரெய்லரோடு கராஜ் தெருவில் இரண்டு சுற்று விட்டு, சக்கரம் உரசாத அளவுக்குத் திருகை வைத்தேன். நெம்புகோலைத் தள்ளிப் பார்த்தேன். டிரெய்லர் இழுத்து நின்றது. கிளவ் பாக்ஸை மூடினேன். காலி டிரெய்லருக்கு வைத்த அளவு இரண்டு குதிரை ஏறினால் போதாதே, அப்போது திருகை யார் கூட்டுவது, மூடிய கிளவ் பாக்ஸுக்குள் டிரைவர் எப்படிக் கை விடுவான் என்று என் மண்டையில் ஏறவே இல்லை.

மூன்றாம் நாள் மதியத்துக்கு முன் என் மொபைல் அடித்தது. வேறு ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன்.

"அண்ணே, சேது பேசுறேன். மசாஃபி தாண்டி எறக்கத்துல நிக்கிறேன்."

குரல் சரியில்லை. பின்னால் தகரத்தில் மடார் மடார் என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குதிரைகள் உதைக்கின்றன என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

அவன் சொன்னது இது. குதிரைகளை ஏற்றிக்கொண்டு பண்ணைக்குப் போகிற மலைப்பாதை இறக்கத்தில் டிரெய்லர் பின்னாலிருந்து வண்டியைத் தள்ள ஆரம்பித்திருக்கிறது. முன்வண்டி பிரேக்கையே நம்பி மிதித்து மிதித்து வந்திருக்கிறான். ஒரு கல் லாரி பக்கத்தில் கடந்து போனபோது டிரெய்லர் வாலை ஆட்டியிருக்கிறது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். எப்படியோ சமாளித்து ஓரத்துச் சரளையில் நிறுத்திவிட்டான். முன்சக்கரங்களில் புகை.

"நிறுத்திட்டேல்ல, அப்பறம் என்ன?"

"நிக்கல அண்ணே. பார்க்கிங்ல போட்டு கைபிரேக்க இழுத்தா பின்சக்கரம் சரளையில வழுக்குது. கால வச்சு மிதிச்சாத்தான் நிக்குது. மிதி கொஞ்சம் கொஞ்சமா உள்ள போற மாதிரி இருக்கு."

வண்டிக்கு அடியிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. பிரேக் சூடாகி எண்ணெய் கொதித்தால் மிதி பஞ்சாகிவிடும். அப்புறம் மிதித்தும் பயனில்லை. டிரெய்லர் பிரேக் ஏன் உதவவில்லை? தம்பிகளா, இங்கேதான் என் புத்திசாலித்தனம் என் கன்னத்தில் அறைந்தது. நான் போட்ட உயர்ந்த ரகப் பெட்டி வண்டி வேகம் குறைவதைப் பார்த்துப் பிடிக்கிற வகை. நின்ற வண்டியில் குறைவதற்கு என்ன இருக்கிறது? காலை எவ்வளவு அழுத்தினாலும் அது கொடுப்பது சொற்பம். நான் கேலி பேசிய முரட்டுப் பெட்டி இருந்திருந்தால்கூட, மிதித்த காலுக்கு டிரெய்லரைப் பிடித்து வைத்திருக்கும். இப்போது பிடிக்க வேண்டுமென்றால் நெம்புகோலைத் தள்ள வேண்டும். அது கிளவ் பாக்ஸுக்குள் இருக்கிறது.

அவனுக்கும் அதே யோசனை வந்துவிட்டது.

"அண்ணே, பெல்ட்ட அவுத்துட்டு ஒரே எட்டா எட்டி அந்த டப்பாவத் தொறந்துரவா? தள்ளிப் புடிச்சுக்கிறேன்."

எனக்கு ஒரு நொடி சரியென்று சொல்ல வாய் வந்துவிட்டது. அவன் எட்டினால் கால் தளரும். கால் தளர்ந்தால் வண்டியும் டிரெய்லரும் குதிரையுமாக நாலைந்து டன் சரளையில் நகரும். நகர ஆரம்பித்ததைத் திரும்ப நிறுத்த அந்த மிதியில் உயிர் இருக்குமா என்று யாருக்குத் தெரியும்? அந்த ஒரு நொடியில் என் வாயை நான் அடைத்ததுதான் என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான வேலை.

"எட்டாத. சேது, கேக்குதா? எட்டாத. இன்ஜின அணைச்சிராத, அணைச்சா மிதி கல்லாயிரும். நான் சொல்ற வரைக்கும் கால எடுக்காத. ஹாரன அமுக்கிக்கிட்டே இரு, எவனாச்சும் நிப்பான்."

ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. லாரிகள் உறுமிக்கொண்டு கடந்து போவது கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் நிற்கவில்லை. அவற்றின் டிரைவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, இறக்கத்தில் பாரத்தோடு நிறுத்துவது அவர்களுக்கும் உயிர்ப் பிரச்சினை. சேது நடுவில் ஒரு முறை "அண்ணே, கால் நடுங்குது" என்றான். நான் பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. எனக்குப் பக்கத்தில் ஃபோர்மேன் வந்து நின்றது மட்டும் தெரியும்.

நாலாவது லாரி நின்றது. கதவு சாத்துகிற சத்தம், அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்கிற ஒரு கனத்த குரல், பாகிஸ்தான் பக்கத்துப் பட்டாணியர் ஒருவன். "கியா ஹுவா பாய்?"

அவனை ஏறி உட்கார்ந்து நெம்புகோலைப் பிடிக்கச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எவ்வளவு நேரம் பிடிப்பான்? பிறகுதான் பொறி தட்டியது. டிரெய்லர் கொக்கி கழன்று தனியே ஓடினால், அதன் பிரேக்கை அதுவே போட்டுக்கொள்ள ஒரு ஏற்பாடு உண்டு. கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய கம்பி, அதன் முனையில் ஒரு பின். பின்னை உருவினால் டிரெய்லரில் இருக்கிற சின்ன பேட்டரி முழுப் பலத்தோடு பிரேக்கைப் போடும். கொஞ்ச நேரம்தான் தாங்கும், கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். கல்லுக்கு என்ன பஞ்சம்? நிற்பதே கல் லாரி.

போனை அவனிடம் கொடுக்கச் சொன்னேன். அந்த ஊரில் பட்டாணியர் யாராக இருந்தாலும் எங்களுக்குக் கான்தான். "கான் பாய், ஹூக் கே பாஸ் பத்லா தார் ஹை, கீஞ்ச்சோ. ஜோர்சே கீஞ்ச்சோ!" கொக்கிக்குப் பக்கத்து மெல்லிய கம்பியைப் பலமாக இழு என்றேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவன் போவது கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த பேட்டரியை நான் சோதிக்கவே இல்லை. கன்ட்ரோலரை மாட்டுகிற பெருமையில் டிரெய்லரின் பேட்டரி மூடியைக்கூட நான் திறந்து பார்க்கவில்லை. மாதக்கணக்கில் கிடந்த டிரெய்லர், பேட்டரி செத்திருந்தால் பின்னை உருவி ஒரு பலனும் இல்லை.

ஃபோர்மேன் என் தோளைப் பிடித்திருந்தார்.

போனில் சேதுவின் குரல். "அண்ணே... ஒரு வெட்டு வெட்டுச்சு. நின்னுருச்சு. தள்றது நின்னுருச்சு அண்ணே."

"கல்லு! கல்லு வைக்கச் சொல்லு! ஆறு சக்கரம்..." என்று கத்தினேன். பதில் வரவில்லை. லைன் போய்விட்டது. திரும்ப அடித்தேன், போன் அணைந்திருந்தது.

ஃபோர்மேன் காயல்பட்டினத்துக்காரர், எல்லோருக்கும் பாய். அவரே வண்டியை எடுத்தார். போகிற வழியிலேயே அர்பாபுக்குப் போன் போட்டுச் சொன்னார். அவர் மலைக்குக் கீழே பண்ணையில்தான் இருந்தார், எங்களுக்கு முன்னால் போய்விடுவார். எங்களுக்கு ஒன்றரை மணி நேரப் பாதை. தைத் என்கிற இடம் தாண்டியதும் மலைப்பாதை ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவிலும் நான் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன்.

"கல் வச்சிருப்பான்" என்றார் பாய் ஒரு தடவை.

"பேட்டரி செத்திருக்கணும் பாய். எப்படி வேலை செஞ்சுதுன்னே எனக்குப் புரியல."

"அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லு, கேள்வி கேக்காத."

வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னாலும் தலையளவு பாறாங்கல். பட்டாணியரின் லாரி போய்விட்டிருந்தது. குதிரைகளை இறக்கிப் பண்ணை ஆட்கள் பாறை நிழலில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றுக்கு முழங்காலில் ரத்தம், மற்றபடி தேவலை. அர்பாப் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் திரும்பினார். "ஹாதா டிரைவர் மஜ்னூன், பைத்தியக்காரன்! நான் சொல்கிறேன், இறங்கமாட்டேன் என்கிறான். ஓட்டவும் தெரியாது. கலாஸ், முடிந்தது. ஊருக்கு டிக்கெட் போட்டு அனுப்புகிறேன்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். சேது சட்டையெல்லாம் நனைந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வலது கால் பிரேக் மிதியில் இருந்தது.

"ஏண்டா இன்னும்? கல்லு வச்சாச்சுல்ல, எறங்க வேண்டியதுதான?"

"நீங்க சொல்லலியே அண்ணே" என்றான். "நான் சொல்ற வரைக்கும் எடுக்காதன்னீங்க. போன் செத்துப் போச்சு."

ஒன்றரை மணி நேரம். கான் சொல்லியிருக்கிறான், பண்ணை ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள், சம்பளம் கொடுக்கிற முதலாளியே கத்தியிருக்கிறார். அவன் ஒருவர் பேச்சையும் நம்பவில்லை. பெட்டி எங்கே வருகிறது என்பது உனக்கு எதற்கு என்று கேட்டேனே, அந்த என்னை நம்பியிருக்கிறான்.

"எடுறா" என்றேன். "போதும், கால எடு."

எடுக்க வரவில்லை. தொடை மரத்துப் போயிருந்தது. நான் குனிந்து அவன் காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி வெளியே வைத்தேன். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் தொடையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்டேன், அந்த டிரெய்லர் பேட்டரி எப்படி உயிரோடு இருந்தது என்று.

"முந்தாநாத்துப் பாத்தேன், செத்துக் கெடந்துச்சு. ராத்திரி பூரா சார்ஜ்ல போட்டேன். நீங்க பாக்காம வுட்டுட்டீக போலன்னு..."

குறையாகக்கூடச் சொல்லவில்லை அவன்.

அர்பாப் இன்னும் டிக்கெட், பாஸ்போர்ட் என்று பேசிக்கொண்டிருந்தார். பாய் என் முழங்கையைப் பிடித்து அழுத்தித் தமிழில் மெதுவாகச் சொன்னார்: "பேசாம இரு. டிரைவர் தப்புன்னு அவரே முடிவு பண்ணிட்டாரு. நம்ம கராஜ் மேல வந்தா உன்னைய நான் காப்பாத்த முடியாது. உனக்கும் வீட்ல ரெண்டு பிள்ளைங்க."

பாய் கெட்டவரில்லை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், எனக்காகத்தான் சொன்னார். மகளுக்குப் பள்ளிக்கூடம், கட்டிக்கொண்டிருந்த வீடு எல்லாம் எனக்குக் கண்ணில் வந்துதான் போயின. நானொன்றும் அரிச்சந்திரன் இல்லை, தம்பிகளா. அன்றைக்கு அந்தக் கால் என் கையில் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எப்படிப் பேசாமல் இருப்பது?

"அர்பாப், டிரைவர் மீது தப்பு இல்லை. தப்பு என்னுடையது" என்றேன். கிளவ் பாக்ஸைத் திறந்து காட்டினேன். ஓட்டுகிறவன் கைக்கு எட்ட வேண்டியதை எட்டாத இடத்தில் வைத்தேன். காலி டிரெய்லருக்கு வைத்த அளவை மாற்ற வழியில்லாமல் மூடினேன். இவன் அன்றே கேட்டான், நான் வாயை அடைத்தேன். உங்கள் குதிரைகள் உயிரோடு நிற்பது இவனால். தெரிந்த மூன்று மொழியையும் கலந்து, கையால் காட்டிச் சொல்லி முடித்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, தானே கிளவ் பாக்ஸை நோக்கிக் கையை நீட்டினார். நல்ல உயரமான மனிதர். அவருக்கும் எட்டவில்லை. உடம்பைச் சாய்த்தார், கால் மிதியை விட்டு நழுவியது. அதைக் குனிந்து பார்த்தார்.

இறங்கி வந்து, "டிரில் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு அந்த அர்பாப் எங்கள் கராஜுக்கு வரவே இல்லை. அந்த வருடம் எனக்கு லீவு கிடைக்கவில்லை, பாய் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. போகட்டும். சேதுவுக்கு டிக்கெட் போடவில்லை.

அன்றைக்கு அந்த இறக்கத்திலேயே, பாயின் வண்டியிலிருந்து டிரில்லை எடுத்து வந்தேன். சேதுவைத் திரும்ப சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போடச் சொன்னேன். "ரோட்டப் பாரு, என்னையப் பாக்காத. கை தானா எங்க போகுதோ அங்க வை" என்றேன். வலது கையைக் கொண்டு போய் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் முழங்காலுக்கு மேலே டேஷ்போர்டில் வைத்தான். பென்சிலால் அந்த இடத்தைக் குறிக்கப் போனேன். அவன் கை அங்கும் இங்கும் நடுங்கிக்கொண்டிருந்தது. குறிக்க முடியவில்லை.

அர்பாப் நின்றார், பாய் நின்றார், குதிரைகளும் நின்றன. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. அந்தக் கை அடங்கும் வரை பென்சிலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அடங்கிய இடத்தில் துளை போட்டேன்.